மண்டபமா, பந்தலா? - ஈஸ்ட் சொன்ன ஸ்ப்ளைசோசோம் கதை

போன செமஸ்டர் தேர்வில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி: "ஸ்ப்ளைசோசோம் உருவாகும் படிநிலைகளை விளக்குக." முதலில் யூ1 வரும், பிறகு யூ2, பிறகு யூ4-யூ6-யூ5 மூன்றும் ஒன்றாக வரும், அப்புறம் யூ1-ம் யூ4-ம் வெளியே போகும், கடைசியில் வெட்டு விழும். மனப்பாடம் செய்ததை அப்படியே கொட்டி, படமும் போட்டுவிட்டு வந்தேன். விடுதிக்கு வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வரலாறு படிக்கும் அறை நண்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஏண்டா, இதெல்லாம் கண்ணுக்கே தெரியாத சமாச்சாரம். யூ1தான் மொதல்ல வருதுன்னு யாரு பாத்தா?"

"புத்தகத்துல இருக்குடா" என்றேன். "புத்தகத்துல எழுதுனவனுக்கு யாரு சொன்னா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அன்று தொடங்கித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு துறை நண்பர்களும் படிப்பதால் அடிப்படையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள் :-)

துண்டு துண்டாக ஒரு செய்தி

மரபணுவில் இருக்கும் செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அந்த ஆர்.என்.ஏ.வைப் படித்துத்தான் ரைபோசோம் புரதம் செய்கிறது. 1977 வரை, மரபணுவில் இருப்பது அப்படியே ஆர்.என்.ஏ.வில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாக்டீரியாவில் அப்படித்தான் இருந்தது.

அந்த ஆண்டு அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், எம்.ஐ.டி.யில் பிலிப் ஷார்ப்பின் குழுவும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் குழுவும், அடினோ வைரஸின் ஆர்.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வோடு ஒட்டவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தன. நேராக ஒட்ட வேண்டிய இடத்தில் டி.என்.ஏ. வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அந்த வளையங்களுக்கு ஜோடி ஆர்.என்.ஏ.வில் இல்லை. அதாவது செய்தியின் நடுவே தேவையில்லாத பகுதிகள் இருக்கின்றன. அவை வெட்டி வீசப்பட்டு, மிச்சம் ஒட்டப்படுகிறது. சினிமா எடிட்டர் பிலிமை வெட்டி ஒட்டுவது போல. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ, அதே ஸ்ப்ளைசிங் என்ற பெயர் இதற்கும் வந்தது. 1978-ல் வால்டர் கில்பர்ட் வெட்டி வீசப்படும் பகுதிக்கு இன்ட்ரான், மிஞ்சும் பகுதிக்கு எக்ஸான் என்று பெயர் வைத்தார். ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் 1993-ல் நோபல் கிடைத்தது. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் அந்த நுண்ணோக்கிப் படங்களை எடுத்த லூயிஸ் சௌ பட்டியலில் இல்லை. அது நியாயமா என்ற விவாதம் அப்போதே எழுந்தது.

வெட்டுவது யார் என்ற கேள்விக்கு முதல் துப்பு மருத்துவமனையிலிருந்து வந்தது. லூபஸ் என்ற நோய் உள்ளவர்களின் உடல் தன் செல்களுக்கு எதிராகவே எதிர்ப்புரதங்களை உண்டாக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெர்னரும் ஜோன் ஸ்டைட்ஸும் அந்த எதிர்ப்புரதங்களைத் தூண்டிலாகப் பயன்படுத்தினார்கள். 1979-ல் மாட்டியவை, புரதங்களோடு பின்னிக்கிடந்த சில குட்டி ஆர்.என்.ஏ.க்கள். யுரிடின் அதிகம் இருந்ததால் யூ1, யூ2 என்று ஏற்கெனவே பெயர் பெற்றவை. யூ1-ன் ஒரு நுனி, இன்ட்ரான் தொடங்கும் இடத்தோடு எழுத்துக்கு எழுத்து ஜோடி சேரக்கூடியதாக இருந்தது. அப்படியானால் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுப்பது இதுதானோ என்று 1980-ல் கேட்டார்கள்.

நல்ல கேள்விதான். ஆனால் மனித செல்லில் ஒரு மரபணுவை வேண்டுமென்றே கெடுத்து, என்ன ஆகிறது என்று பார்க்க அன்றைக்கு வழியில்லை. அதற்கு வசதியான ஆள் பேக்கரியில் இருந்தான்.

கெட்டுப்போன ஈஸ்ட்

இங்கே கதை பத்து வருடம் பின்னால் போகிறது. 1960களின் கடைசியில் லீலண்ட் ஹார்ட்வெல் என்ற இளம் ஆராய்ச்சியாளர் ரொட்டி ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டு, ரசாயனம் போட்டு அதன் மரபணுக்களைக் கண்டபடி கெடுத்தார். ஒரு சிக்கல்: உயிருக்கு அவசியமான மரபணு கெட்டால் ஈஸ்ட் செத்துவிடும். செத்ததை வைத்து என்ன ஆராய முடியும்? ஆகவே அவர் தேடியது 23 டிகிரியில் நன்றாக வளர்ந்து, 36 டிகிரியில் மட்டும் நின்றுபோகும் ஈஸ்ட்டுகளை. இப்படி நூற்றுக்கணக்கில் சேர்த்தார். சூட்டைக் கூட்டினால் எந்த வேலை முதலில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சிலவற்றில் ஆர்.என்.ஏ. உற்பத்தி படுத்துவிட்டது. குறிப்பாக ரைபோசோம் உருவாகவில்லை. 1970-ல் ஹார்ட்வெல்லும், மெக்லாக்லினும், நியூயார்க்கில் ரைபோசோம் ஆராய்ந்த ஜோனதன் வார்னரும் சேர்ந்து, ரைபோசோம் உருவாவதைக் கட்டுப்படுத்தும் பத்து மரபணுக்கள் என்று அறிவித்தார்கள். ஆர்.என்.ஏ.2 முதல் ஆர்.என்.ஏ.11 வரை பெயரிட்டார்கள். ஹார்ட்வெல் செல் பிரிதல் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். அதற்காகத்தான் 2001-ல் அவருக்கு நோபல். இந்தப் பத்து ஈஸ்ட்டுகளும் உறைபெட்டியில் கிடந்தன.

கவனியுங்கள், அது 1970. ஸ்ப்ளைசிங் என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரிய இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

1981-ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்பாஷின் குழு அந்த ஈஸ்ட்டுகளை எடுத்து, ரைபோசோமின் புரதங்களுக்கான ஆர்.என்.ஏ. என்ன ஆகிறது என்று பார்த்தது. சூடேற்றியதும் ஆர்.என்.ஏ. மறைந்துபோகவில்லை. நீளமாக, இன்ட்ரான் வெட்டப்படாமல் அப்படியே குவிந்து கிடந்தது!

முடிச்சு அவிழ்ந்தது. ஈஸ்ட்டில் ஏறத்தாழ 6000 மரபணுக்கள். அவற்றில் இன்ட்ரான் உள்ளவை 300 கூட இருக்காது. ஆனால் ரைபோசோம் புரதங்களின் மரபணுக்கள் 137-ல் 100 அளவுக்கு இன்ட்ரான் உள்ளவை. ஆகவே வெட்டி ஒட்டும் வேலை நின்றால் கண்ணில் முதலில் படுவது ரைபோசோம் பஞ்சம்தான். ஹார்ட்வெல் பார்த்தது விளைவை, காரணம் இது. பிறகு அந்த மரபணுக்கள் பி.ஆர்.பி. என்று பெயர் மாறின. ஆர்.என்.ஏ. முன்வடிவைப் பதப்படுத்துபவை என்று பொருள். பட்டியலும் நீண்டது. 1989-ல் ஜான் ஏபல்சனின் ஆய்வகத்திலிருந்து வந்த புதிய பி.ஆர்.பி. ஈஸ்ட்டுகள் பற்றிய கட்டுரையின் முதல் ஆசிரியர் உஷா விஜயராகவன். பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானவர்.

(ராஸ்பாஷுக்கும் நோபல் உண்டு, 2017-ல். அதுவும் ஸ்ப்ளைசிங்குக்கு இல்லை, ஈக்களின் உடல் கடிகாரத்துக்கு. இந்தத் துறைக்கு வந்து போனவர்களுக்கு எல்லாம் வேறு வேலைக்குத்தான் பரிசு போலிருக்கிறது!)

தவறான கதவுகள்

பி.ஆர்.பி. மரபணுக்கள் புரதங்களைக் காட்டின. அந்தக் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் ஈஸ்ட்டில் உண்டா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் கிறிஸ்டின் கத்ரி இந்தத் தேடலில் இறங்கினார். எளிதாக இருக்கவில்லை. மனித செல்லில் யூ1 பத்து லட்சம் அளவுக்கு இருக்கிறது. ஈஸ்ட் செல்லிலோ சில நூறுதான்.

1983-ல் யூ4-ஐப் போலத் தெரிந்த ஒன்று கிடைத்தது. அதன் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். ஈஸ்ட் எதுவும் நடக்காதது போல வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்ப்ளைசிங்குக்கு அத்தியாவசியமானதை எடுத்தால் ஈஸ்ட் சாக வேண்டாமா? அது யூ4 அல்ல, ரைபோசோம் தயாரிப்பில் ஈடுபடும் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது என்று பிறகு தெரிந்தது. இப்படிப் பல தவறான கதவுகளைத் தட்டிய பிறகு 1980களின் நடுவில் உண்மையானவை ஒவ்வொன்றாக அகப்பட்டன. ஏன் இவ்வளவு தாமதம் என்பதும் புரிந்தது. மனித யூ2-ன் நீளம் 187 எழுத்துகள். ஈஸ்ட் யூ2-ன் நீளம் 1175! ஈஸ்ட் யூ1 568 எழுத்துகள், மனிதனுடையது 164தான். குட்டி ஆர்.என்.ஏ. என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? யூ6 மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, எழுத்துகளும் பெருமளவு ஒன்றே. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

யூ2-க்கு இன்ட்ரானில் என்ன வேலை என்பதை 1987-ல் ராய் பார்க்கரும், சிலிசியானோவும், கத்ரியும் காட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஈஸ்ட் இன்ட்ரான்களுக்குள் யூ-ஏ-சி-யூ-ஏ-ஏ-சி என்ற ஏழு எழுத்து அநேகமாக மாறாமல் இருக்கும். யூ2-ல் அதற்கு ஜோடியான எழுத்துகள் உண்டு. இன்ட்ரானில் ஓர் எழுத்தை மாற்றினார்கள். ஸ்ப்ளைசிங் கெட்டது. பிறகு யூ2-ல் அதற்கு எதிரே உள்ள எழுத்தையும் பொருந்துமாறு மாற்றினார்கள். ஸ்ப்ளைசிங் திரும்ப வந்தது. பூட்டை மாற்றினால் கதவு திறக்கவில்லை. சாவியையும் அதற்கேற்ப மாற்றினால் திறக்கிறது. அப்படியானால் இந்தச் சாவி இந்தப் பூட்டுக்குத்தானே? நுண்ணோக்கி இல்லாமலே தொடுவதைப் "பார்த்து"விட்டார்கள்.

வரிசை தெரிந்தது எப்படி?

இப்போது என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன்.

1985-ல் ஏபல்சனின் ஆய்வகம் ஈஸ்ட்டை உடைத்து எடுத்த சாற்றில், சோதனைக் குழாயிலேயே ஸ்ப்ளைசிங்கை நடத்திக்காட்டியது. அதே ஆண்டு எட்வர்ட் பிராடியும் ஏபல்சனும், வெட்டப்படும் ஆர்.என்.ஏ. தனியாக இல்லை, ஒரு பெரிய பொதிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டார்கள். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. இல்லாவிட்டால் அந்தப் பொதி உருவாகவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஸ்ப்ளைசோசோம்.

கலவையை ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் கொஞ்சம், ஐந்து நிமிடத்தில் கொஞ்சம், பத்து நிமிடத்தில் கொஞ்சம் என்று எடுத்து ஜெல்லில் ஓடவிட்டால் என்ன தெரியும்? சிறிய பொதி வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். 1986-ல் ராஸ்பாஷ் குழு இப்படிச் செய்தபோது, பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, ஒன்று மங்கும்போது அடுத்தது தடித்தது. 1987-ல் சூ-சென் செங்கும் ஏபல்சனும் ஒவ்வொரு பட்டையிலும் எந்த யூ இருக்கிறது என்று பார்த்தார்கள். முதலில் யூ2 மட்டும். அடுத்ததில் யூ4, யூ5, யூ6-ம் சேர்ந்திருக்கின்றன. அதற்கடுத்ததில் யூ4-ஐக் காணோம்.

யூ1 எங்கே? அது ஜெல்லில் உதிர்ந்துபோய்விட்டது. 1988-ல் ஸ்டெபனி ரூபியும் ஏபல்சனும் வேறு முறையில் பிடித்துப் பார்த்தபோதுதான், எல்லோருக்கும் முன்னால், ஏ.டி.பி. கூட இல்லாமல், யூ1 வந்து உட்காருவது தெரிந்தது. அது வராவிட்டால் யூ2-ம் வருவதில்லை. "யாரு பாத்தா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்: ஒருவரும் ஒரே தடவையில் பார்க்கவில்லை. மங்கும் பட்டைகளிலிருந்தும் காணாமல் போனவற்றிலிருந்தும் கணக்குப் போட்டார்கள்.

மண்டபமா, பந்தலா?

நான் படித்த பாடப்புத்தகம் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. ஆனால் சண்டையே இதற்குப் பிறகுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு வழி உண்டு. மண்டபம் என்றால் எப்போதும் தயாராக நிற்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் போய் உட்கார்ந்தால் போதும். பந்தல் என்றால் அவர்கள் வீட்டு வாசலிலேயே கால் ஊன்றி, கீற்று வேய்ந்து, காரியம் முடிந்ததும் பிரித்து, அதே கழிகளை அடுத்த தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஜெல் பட்டைகள் சொன்னது பந்தல் கதை: ஒவ்வொரு இன்ட்ரானுக்கும் புதிதாகக் கட்டி, புதிதாகப் பிரிப்பது.

2002-ல் ஸ்காட் ஸ்டீவன்ஸும் ஏபல்சனும் மற்றவர்களும் ஒரு குண்டு போட்டார்கள். உப்பு குறைவான கரைசலில் ஈஸ்ட் சாற்றைப் பிரித்தால், ஐந்து யூக்களும் அறுபதுக்கும் மேற்பட்ட புரதங்களும் ஏற்கெனவே ஒன்றாகச் சேர்ந்த நிலையில் கிடைக்கின்றன, வெட்ட வேண்டிய ஆர்.என்.ஏ. இல்லாமலேயே! மண்டபம் முன்பே தயார். ஜெல்லில் போட்ட உப்பும் மற்றவையும்தான் அதை உடைத்து, படிப்படியாக வருவது போலக் காட்டினவோ? வரிசையை வரைந்த ஆய்வகத்தின் தலைவரே அந்த வரிசையைச் சந்தேகித்தார் என்பதுதான் இதில் விசேஷம். நமக்குப் பத்து மதிப்பெண் வாங்கித் தந்த படத்தை, அதைப் போட்டவர்களே அழிக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள்.

2005-ல், உயிருள்ள ஈஸ்ட்டில், ஆர்.என்.ஏ. இன்னும் படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே எந்த யூ மரபணுவின் எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்று ராஸ்பாஷ் குழுவும் கார்லா நியூகெபௌவர் குழுவும் தனித்தனியே அளந்தன. யூ1 முதலில், மற்றவை பின்னால். தராசு பந்தல் பக்கம் சாய்ந்தது.

2011-ல்தான் நிஜமாகவே "பார்த்தார்கள்". ஆரன் ஹாஸ்கின்ஸ், மெலிசா மூர், ஜெஃப் கெல்லஸ் குழுவினர் ஈஸ்ட் மரபணுக்களை மாற்றி, யூ1-ன் புரதங்களுக்கு ஒரு நிறம், மற்றொன்றுக்கு வேறு நிறம் என ஒளிரும் சாயம் பூசினார்கள். கண்ணாடியில் ஆர்.என்.ஏ.வை ஒட்டிவைத்து, மேலே அந்தச் சாற்றை ஊற்றி, லேசர் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூலக்கூறாகப் படம்பிடித்தார்கள். ஒரு நிறப்புள்ளி தோன்றுகிறது, பிறகு அடுத்த நிறம், பிறகு அடுத்தது. ஐந்தும் ஒரேயடியாக வந்து இறங்கவில்லை. பந்தல்தான்!

ஆனால் பாடப்புத்தகப் படமும் முழுக்கத் தப்பவில்லை. ஒவ்வொரு படியிலும் வந்தவர்கள் பலமுறை எழுந்து போய்விடுகிறார்கள். எந்த ஒரு படியும் "இனி பின்வாங்க முடியாது" என்று சொல்லும் படி அல்ல. கட்டக் கட்ட உறுதி கூடிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். 2013-ல் அதே அணியினர், சில சமயம் யூ2 முதலில் வந்து யூ1 பின்னால் வருவதும் உண்டு என்று காட்டினார்கள். என் விடைத்தாளில் நான் போட்ட ஒற்றை வழி அம்புக்குறிகள் அத்தனையும் இருபக்கமும் போகும் அம்புக்குறிகளாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு?

ஓர் இன்ட்ரானை வெட்ட ஏன் இத்தனை பேரைக் கூட்டி, ஏ.டி.பி. செலவழித்து, பிறகு கலைக்க வேண்டும்? விடை, நினைவில் வைக்கச் சொன்ன அந்த யூ6-ல் இருக்கிறது.

1992-ல் ஹிதேன் மதானியும் கத்ரியும், ஈஸ்ட்டில் மறுபடியும் பூட்டு-சாவி முறையில், யூ6-ம் யூ2-ம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வெட்டும் இடத்தை அமைக்கின்றன என்று காட்டினார்கள். 2013-ல் சிகாகோவில் ஜொனாதன் ஸ்டேலி, ஜோசப் பிச்சிரில்லி குழுவினர், வெட்டுக்குத் தேவையான மெக்னீசிய அயனிகளைப் பிடித்திருப்பது யூ6-தான் என்று நிரூபித்தார்கள். கத்தி, புரதம் அல்ல, ஆர்.என்.ஏ. 2015-ல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் யிகோங் ஷி குழு, ரொட்டி ஈஸ்ட்டின் தூரத்து உறவான பிளவு ஈஸ்ட்டின் ஸ்ப்ளைசோசோமைக் குளிர்-எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 3.6 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் எடுத்தபோதும், அதன்பின் கேம்பிரிட்ஜில் கியோஷி நாகாய் குழுவினரும் ஜெர்மானியக் குழுக்களும் ரொட்டி ஈஸ்ட்டில் ஒவ்வொரு கட்டமாக எடுத்தபோதும், அந்தப் பின்னல் அங்கேதான் இருந்தது.

கத்தி என்றால் உறை வேண்டும். அந்த உறைதான் யூ4. யூ6 தனியே திரியாமல், யூ4-ஓடு இறுகப் பின்னிக்கொண்டுதான் பந்தலுக்கு வருகிறது. இடம் சரிதானா என்று யூ1 ஒரு முனையையும் யூ2 மறுமுனைக்கு அருகிலும் பார்த்த பிறகே, பி.ஆர்.ஆர்.2 என்ற புரதம் ஏ.டி.பி.யைச் செலவழித்து யூ4-ஐ உருவி எடுக்கிறது. உறை கழன்ற பிறகே யூ6 யூ2-ஓடு சேர்கிறது. ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் அதன் பிறகு வரும் செய்தி முழுவதும் குளறிவிடும். கட்டுவது ஒவ்வொரு படியும் ஒரு சரிபார்ப்பு. வேலை முடிந்ததும் பி.ஆர்.பி.22 தூது ஆர்.என்.ஏ.வை விடுவிக்க, பி.ஆர்.பி.43 மிச்சத்தைப் பிரிக்கிறது. கழிகள் அடுத்த தெருவுக்கு.

கடைசியாக ஒன்று. 2001, 2002-ல் பரம்பரையாக வரும் ஒரு கண் நோயைத் தேடிய மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் சில குடும்பங்களில் கெட்டுப்போன மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து, முதலில் இரவுப் பார்வை போய், பிறகு சுற்றுப்பார்வையும் குறுகிப்போகும் நோய் அது. அந்த மரபணுக்களில் இரண்டின் பெயர் பி.ஆர்.பி.எஃப்.3, பி.ஆர்.பி.எஃப்.8. அதாவது, 36 டிகிரியில் நின்றுபோகிறது என்று 1970-ல் ஹார்ட்வெல் எண் போட்டுவைத்த மூன்றாவது, எட்டாவது ஈஸ்ட் மரபணுக்களின் மனித உறவுகள். உடம்பெங்கும் வேண்டிய இயந்திரம் கெட்டால் கண் மட்டும் ஏன் பாதிக்கப்படுகிறது என்பது இன்றும் முழுதாகத் தீராத கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே, எதற்கென்று தெரியாமல் உறைபெட்டியில் பத்து வருடம் காத்திருந்த ஈஸ்ட் தேவைப்பட்டது.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உங்க புத்தகமும் எங்க புத்தகம் மாதிரிதான். யார் என்ன ஆதாரம் வச்சு சொன்னாங்கன்னு கேட்டாத்தான் கதையே வருது" என்றான். வரலாற்றுக்காரன் புத்தி! ஆனால் அடுத்த தேர்வில் இதே கேள்வி வந்தால், அம்புக்குறிகளை இருபக்கமும் போடுவதாக இருக்கிறேன். மதிப்பெண் வந்தாலும் சரி, போனாலும் சரி :-)